வாடை திரும்பவில்லை

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால், டைனமோவில் கட்டிய றேடியோ பேசும். கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மெலிந்து இரைச்சலுக்குள் போய்விடும். பொருளாதாரத் தடையில் பற்றரியை யாரும் கண்ணால் காணாத அந்த வருடங்களில், பொலிகண்டிக் கடற்கரையில் இந்த வேலையில் தேறியவன் தேவராசா. செவ்வாய்க்கிழமை காலையும் அவன்தான் சுற்றினான். அவனுடைய அண்ணன் மனைவி குணலட்சுமி மடியில் பள்ளிக்கூட அட்லஸை விரித்து, கையில் பென்சிலோடு, றேடியோவை ஒட்டிக்கொண்டு இருந்தாள்.

வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவாகியிருப்பதாக இந்திய வானொலி சொன்னது. அகலாங்கு எட்டு, நெட்டாங்கு எண்பத்தாறு. குணலட்சுமி கடலின் நீலத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

மயிலிட்டியை விட்டு எழும்பி வந்து அது மூன்றாவது மாரி. இருபத்தாறு குடும்பங்கள் அந்த மணலில் தென்னோலைக் கிடுகுக் கொட்டில்கள் போட்டு இருந்தன. இராணுவ முகாம் பெருத்து ஊரை விழுங்கிய நாளில் குணலட்சுமி இரண்டு பிள்ளைகளையும், ஒரு உடுப்புப் பெட்டியையும், தான் புவியியல் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் அட்லஸையும் தூக்கிக்கொண்டு வந்தவள். பிள்ளைகள் இப்போது நல்லூரில் அவளுடைய தமக்கையின் வீட்டில் நின்று படித்தார்கள். அவளும் கணவன் சோமசேகரமும் ஒரு கொட்டிலில். தேவராசாவும், குழந்தை பெற்றுப் பன்னிரண்டே நாளான அவன் மனைவி இராசமலரும் அடுத்ததில். அதற்கும் அப்பால், கடலுக்கு ஆகக் கிட்ட, சோமசேகரத்தின் தகப்பனுடைய தம்பி கந்தப்பு தனியே இருந்தார்.

அன்று பின்னேரம் இரண்டாவது புள்ளி விழுந்தது. எட்டரை, எண்பத்துநாலரை. குணலட்சுமி இரண்டையும் அடிமட்டத்தால் தொட்டுப் பார்த்தாள். கோட்டை நீட்டினால் அது யாழ்ப்பாணத்தின் தலையில் வந்து முட்டியது.

சோமசேகரம் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உதை மூடி வையும், குணம். போன வருசம் பட்டது காணும்."

போன வருடம் பட்டது அவமானம். அப்போதும் அவள் கோடு கீறினாள். புயல் வருகிறது என்று எல்லோரையும் எழுப்பினாள். இருபத்தாறு குடும்பமும் சட்டி பானையோடு தெருவோரத்தில் மூன்று நாள் கிடந்தார்கள். புயல் திரும்பி ஆந்திராப் பக்கம் போய்விட்டது. இங்கே ஒரு சிறு தூறலும் இல்லை. காயவிட்டிருந்த கருவாட்டை நாய்கள் தின்றன. அதற்குப் பிறகு கிணற்றடிக்கு அவள் போகும்போதெல்லாம் யாராவது ஒருத்தி, இன்றைக்கு உடுப்புத் தோய்க்கலாமோ ரீச்சர் என்று கேட்பாள். குணலட்சுமியும் சிரிப்பாள். ஆனால் வாளியை அரைவாசியில் விட்டுவிட்டு வருவாள்.

ஆகவே அவள் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு புட்டுக்கு மாவைக் குழைத்துக்கொண்டே கணக்குப் போட்டாள். அடுத்த புள்ளி எங்கே விழும் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டாள்.

புதன் காலை புள்ளி அவள் நினைத்த இடத்துக்கும் முன்னாலே போய் விழுந்தது. ஒன்பது, எண்பத்திரண்டரைக்குச் சற்றுக் கிழக்கே. முதல் இரண்டு புள்ளிக்கும் இடையில் இருந்ததைவிட இது நீண்ட பாய்ச்சல். தாழமுக்கம் புயலாகிவிட்டது, அதோடு வேகமும் பிடித்துவிட்டது. இன்று பொழுதுபட்டு இரண்டொரு மணித்தியாலத்தில் அதன் கண் கரைக்கு வந்துவிடும். எந்தக் கரைக்கு என்பதுதான் கேள்வி. கொஞ்சம் வடக்கே விலகினால் நாகப்பட்டினம். கொஞ்சம் தெற்கே சரிந்தால் முல்லைத்தீவு. விலகாவிட்டால் இந்த மணல்.

அவள் பென்சிலை அந்தக் கோட்டில் திரும்பத் திரும்ப ஓட்டினாள். பயம் என்று சொல்லலாம். ஆனால் முழுவதும் பயமில்லை. பத்து வருடமாகக் கரும்பலகையில் கீறிக் காட்டிய ஒன்று, அம்புக்குறி போட்டு விளங்கப்படுத்திய ஒன்று, தன்னைத் தேடி நேரே வருகிறது என்ற ஒரு துடிப்பும் அதில் இருந்தது. அதை வெளியே சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டரைச் செய்திக்குச் சோமசேகரமும் வந்து குந்தினான். அவன் ஏன் வந்தான் என்று அவள் கேட்கவில்லை. தேவராசா பெடலைச் சுற்றினான். சைக்கிள் கம்பியெல்லாம் காற்றில் விசில் அடித்தது. இரைச்சலைப் பிளந்துகொண்டு குரல் வந்தது: புயல் நாகப்பட்டினத்துக்குத் தென்கிழக்கே இருநூற்று...

சங்கிலி அறுந்து தேவராசாவின் முழங்காலில் அடித்தது. றேடியோ செத்துப்போனது.

அவன் அறுந்த சங்கிலியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தான். உப்புக் காற்றில் துருவேறிய சங்கிலி. ஊருக்குள் கொண்டுபோய்ப் பொருத்தி வர மூன்று மணித்தியாலமாகும். அடுத்த செய்தி பின்னேரம். அப்போது எல்லாம் பிந்திவிடும்.

குணலட்சுமி அட்லஸை மடித்து வைத்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ, விடியப்புறம் காத்து எங்காலை வந்தது?"

"வாடை."

"இப்ப?"

"இப்பவும் வாடைதான்."

"கொஞ்சமும் திரும்பேல்லையோ?"

அவள் எதைக் கேட்கிறாள் என்பது சோமசேகரத்துக்கு விளங்கிவிட்டது. எழுந்து போய், வள்ளத்தில் கிடந்த நீண்ட சவள் துடுப்பை எடுத்து அலை தொடும் இடத்தில் ஆழக் குத்தினான். பழைய சாரத்தில் ஒரு முழம் கிழித்து அதன் நுனியில் கட்டினான். துணி கரைப்பக்கமாக நீட்டி நின்று படபடத்தது. அதன் நிழல் இல்லை; வானம் முழுக்க ஈயம் பூசினமாதிரி இருந்தது. துணி காட்டிய திசையில் மணலில் ஒரு கட்டையை முளையாக அடித்தான்.

புயல் என்பது சுற்றுகிற காற்று. அது வடக்கே விலகிப் போனால், கரையில் நிற்பவனுக்கு வடக்கு வாடை மெல்ல மெல்ல மேற்கே திரும்பிக் கச்சானாகும். தெற்கே போனால் கிழக்கே திரும்பிக் கொண்டலாகும். குணலட்சுமி இதைப் புத்தகத்தில் படித்தாள். சோமசேகரம் கடலில் படித்தான். கலியாணம் முடித்துப் பதினான்கு வருடத்தில் இருவரும் ஒன்றையே படித்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இருவரும் முளைக்குப் பக்கத்தில் நின்றார்கள். கால் மணி. அரை மணி. துணி இருந்த இருப்பிலேயே இருந்தது. காற்று மட்டும் ஏறியது. முதலில் துணி படபடத்தது, பிறகு விறைத்தது, பிறகு நுனியில் இழை இழையாகப் பிய்ந்து பறந்தது. கடல் தூரத்தில் கறுத்து, கடலுக்கு அடியில் முருகைக்கல் பார் உள்ள இடத்தில் வெள்ளையாக உடைந்தது. சோமசேகரம் மண்டியிட்டு முளையையும் துணியையும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். ஒரு விரற்கடை கூட விலகவில்லை.

"கோடியக்கரைக்கு நேரை ஒருக்கா எனக்கு இப்பிடி நிண்டது," என்றான். "காத்துத் திரும்பாமல் நிண்ட இடத்திலை நிண்டு கூடினால், அது எங்களைப் பாத்துத்தான் வருது."

"ஓம்," என்றாள் குணலட்சுமி.

"நீர் சொன்னால் சனம் எழும்பாது."

"தெரியும்."

"நானும் சொல்லப் போறதில்லை," என்றான்.

அவன் நேரே கொட்டிலுக்குப் போனான். முகட்டு வளையில் ஏறிக் குந்தி, இடுப்புக் கத்தியை எடுத்து, தன் கூரைக் கிடுகின் கட்டுகளை ஒவ்வொன்றாக அறுக்கத் தொடங்கினான். கிடுகுகளை இரண்டிரண்டாக உருவிக் கீழே போட்டான். தேவராசா அவற்றைத் தெருவுக்கு அப்பால் கொண்டுபோய் அடுக்கினான். குணலட்சுமி அடுக்கின் மேல் முருகைக்கற்களைத் தூக்கி வைத்தாள். அந்தக் கரையிலே மாரியில் கூரை பிரிக்கிற விசரன் யாரும் இல்லை. முதலில் இரண்டு பெண்கள் வந்து பார்த்தார்கள். பிறகு ஆண்கள் வந்தார்கள். ஒருவர் ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தார். சோமசேகரத்தின் முகத்தைக் கண்டதும் சவளில் இருந்த துணியைத் திரும்பிப் பார்த்தார். அவரும் கடல் ஓடியவர். தன் கொட்டிலுக்குப் போய்க் கத்தியை எடுத்தார்.

ஒரு மணித்தியாலத்துக்குள் கரை முழுவதும் கூரை பிரிந்தது.

தங்கப் போவது எங்கே என்பது அடுத்த பிரச்சினை. பள்ளிக்கூடத்தில் வேறு ஊர்ச் சனம் நிறைந்திருந்தது. தெருவுக்கு அப்பால், பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் பழைய கல்மடம் ஒன்று இருந்தது. ஒன்றரை முழத் தடிப்பில் சுவர். மேலே சீமெந்துத் தட்டு. பூட்டுத் திறப்பு நமசிவாயத்திடம். அவர் கோயில் நிர்வாகம் பார்ப்பவர், அதிகம் பேசாதவர். இந்தக் கடற்கரைச் சனத்தோடு அவருக்குப் பழக்கமும் இல்லை. குணலட்சுமி தனியே போய் அவர் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். போன வருடக் கதையையும் மறைக்காமல் சொன்னாள். பிள்ளை பெற்ற ஒரு பெண் துடக்கோடு இருக்கிறாள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றாள்.

நமசிவாயம் திறப்புக் கோர்வையை இடுப்பிலிருந்து எடுத்தார்.

"மடம் வழிப்போக்கருக்கெண்டு கட்டினது, பிள்ளை. வழிப்போக்கரிட்டை ஆர் துடக்குக் கேட்டது?"

அதோடு நிற்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு கிடாரத்தையும் அரைச் சாக்கு அரிசியையும் வண்டிலில் ஏற்றச் சொன்னார். கிணறு உப்பாகிவிடக்கூடும் என்று குணலட்சுமி சொன்னதும், குடங்கள் அண்டாக்கள் எல்லாம் நிரப்பி வைக்கும்படி தன் வீட்டுப் பெண்களுக்கும் சொல்லி அனுப்பினார்.

பிறகு நடந்ததைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். மழை தொடங்கிவிட்டது, குறுக்காக, ஊசி ஊசியாக அடித்தது. பதினொரு வள்ளங்களைப் பனங்குற்றி போட்டு உருட்டித் தெருவுக்கு அப்பால் ஏற்றினார்கள். ஒரு வள்ளத்துக்குப் பன்னிரண்டு பேர் தோள் கொடுத்தார்கள்; பின்னால் விடுபட்ட குற்றியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் முன்னால் ஓடினார்கள். கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்து, பாரத்துக்கு மணலும் தண்ணீரும் நிரப்பிப் பனைகளோடு பிணைத்தார்கள். மெசின்களைக் கழற்றி, சாக்கில் சுற்றி, குழந்தையைப்போலத் தூக்கிப் போனார்கள். வலைகள், நிவாரணக் கூப்பன் மட்டைகள், நெருப்புப்பெட்டி போட்டு இறுக்கிய ஜாம் போத்தல்கள், ஒரு தையல் மெசின், ஒரு ஆடு. இராசமலர் குழந்தையைச் சேலைக்குள் கட்டிக்கொண்டு, யாரும் சொல்லாமலே மடத்து வாசலில் நின்று வருகிறவர்களை எண்ணத் தொடங்கினாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சனம் மயிலிட்டித் துறையில் வேலை செய்ததுமாதிரி வேலை செய்தது. உழைத்த உற்சாகத்தில் நனைந்த முகங்களெல்லாம் பளபளத்தன. போன வருடம் கிணற்றடியில் பகிடி பண்ணியவள் குணலட்சுமிக்குப் பக்கத்தில் குற்றியைப் பிடித்துக்கொண்டு, பிறகும் திரும்பிப் போய்விடாதுதானே ரீச்சர் என்று கேட்டாள். இந்தப் பாடெல்லாம் வீணாகிவிடுமோ என்று அவளுக்குக் கவலை.

நாலரை மணிக்கு இராசமலர் கணக்குச் சொன்னாள். நூற்றுப் பன்னிரண்டு பேர் வரவேண்டும். நூற்றுப் பதினொன்றுதான் வந்திருக்கிறது.

கந்தப்பு இல்லை.

சோமசேகரமும் குணலட்சுமியும் கைகோத்துக்கொண்டு திரும்பிக் கரைக்கு ஓடினார்கள். நிமிர்ந்து நடக்க முடியவில்லை. மணல் முகத்தில் கிழித்தது. கொட்டில்கள் நின்ற இடத்தில் வெறும் கப்புத் தூண்கள் மட்டும் நின்றன. கந்தப்புவின் கொட்டில் மட்டும் கூரையோடு ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதற்குள் இல்லை. பக்கத்தில் இருந்த பங்கருக்குள், ஷெல்லுக்கு ஒளிக்கிறதுபோல, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். பனங்குற்றி அடுக்கி மணல் மூட்டை போட்ட நல்ல பங்கர். அடியில் ஏற்கனவே தண்ணீர் கணுக்காலுக்கு நின்றது.

சோமசேகரம் குனிந்து கூப்பிட்டான். இழுத்துக்கொண்டு போவேன் என்றான். கந்தப்பு அசையவில்லை.

"நீங்கள் போங்கோ, தம்பி. நான் ஒருக்கா எழும்பி ஓடினனான். அது காணும். இனி ஓட மாட்டன்."

மயிலிட்டியில் ஓடின அன்று, கதவைப் பூட்டிவிட்டு இரண்டு நாளில் வந்துவிடலாம் என்று மனைவியிடம் சொல்லித்தான் அவர் கூட்டிவந்தார். அவள் அடுத்த வருடம் இந்த மணலில் காய்ச்சலில் செத்தாள். பூட்டின திறப்பு இன்னும் அவர் இடுப்பில் இருந்தது. இதெல்லாம் அந்த இருவருக்கும் தெரியும்.

சோமசேகரம் உள்ளே இறங்கப் போனான். குணலட்சுமி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அவள் பங்கர் வாசலில் படுத்து, தலையை உள்ளே நீட்டினாள். காற்று அவள் குரலைப் பிடுங்காத இடம் அதுதான்.

"மாமா, நான் உங்களை ஓடச் சொல்லேல்லை. எங்களை எழுப்பினவை எப்ப திரும்ப விடுவினம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டினம். இது அப்பிடியில்லை. இது எப்ப வரும் எண்டு நான் கணக்குப் பாத்திட்டன். எப்ப போகும் எண்டும் பாத்திட்டன். பொழுதுபட வருது. விடியப் போயிடும்."

"போயிடுமோ?"

"போயே ஆகவேணும். அதுக்கு நிக்கத் தெரியாது. விடிய நாங்கள் திரும்பி வருவம், மாமா. மூண்டு வருசத்திலை எனக்கு இது ஒண்டுதான் நிச்சயமாத் தெரியும்."

கந்தப்பு குனிந்து தண்ணீரைப் பார்த்தார். அது அவருடைய முழங்காலுக்கு வந்திருந்தது.

"பங்கர் நிரம்புமோ?" என்று கேட்டார்.

"கடல் தெருவரைக்கும் ஏறும்."

"அப்ப சரி," என்றார். "கையைத் தா."

அவர்கள் தெருவைக் கடக்கும்போது பின்னால் கந்தப்புவின் கூரை முழுதாக எழும்பி, ஒரு பெரிய பறவைபோல அவர்களின் தலைக்கு மேலால் பறந்து போனது. கந்தப்பு நின்று அதை அண்ணாந்து பார்த்தார். நல்லாய்த்தான் கட்டியிருக்கிறேன், ஒரு கிடுகும் கழரவில்லை என்றார்.

புயல் சொன்ன நேரத்துக்கு வந்தது. மடத்துக் கதவுக்குப் பின்னால் பத்து ஆண்கள் முதுகு கொடுத்து நின்றார்கள். வெளியே பனைகள் முறிவது ஷெல் விழுவதுபோலவே கேட்டது. பழக்கதோஷத்தில் சிலர் நிலத்தில் குப்புற விழுந்தார்கள். பின்பு அவர்களே தங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இராசமலரின் குழந்தை அத்தனை சத்தத்திலும் பால் குடித்துவிட்டு நித்திரையானது. ஒன்பது மணியளவில் எல்லாம் சட்டென்று நின்றது. இலை அசையவில்லை. வானத்தில் நாலைந்து நட்சத்திரங்கள்கூடத் தெரிந்தன. வள்ளத்தைப் பார்த்துவர வேண்டுமென்று தேவராசா கதவின் குறுக்குக்கட்டையில் கை வைத்தான்.

"திறக்காதை," என்றாள் குணலட்சுமி. "இது பாதிதான். மற்றப் பாதி அந்தப் பக்கத்தாலை வரும். ஆக்கள் எல்லாரும் மற்றச் சுவரோடை போங்கோ."

ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பேரும், அவர்களோடு வந்து ஒதுங்கிய நமசிவாயம் வீட்டாரும் எழுந்து, பாயைச் சுருட்டி, மடத்தின் மறுகரைக்கு மாறினார்கள். அரை மணியில் காற்றுத் தெற்கிலிருந்து வந்து, அவர்கள் விட்டுவந்த பக்கத்து யன்னலை நிலையோடு பிடுங்கி உள்ளே எறிந்தது.

விடிய, மழை தூறலாகி ஓய்ந்தது. நமசிவாயத்தின் கிடாரத்தில் பெண்கள் கஞ்சி வைத்தார்கள். தேவராசா ஓடிப்போய்ப் பார்த்து வந்தான். பதினொரு வள்ளத்தில் பத்து நல்ல நிலையில். ஒன்றில் பனை விழுந்து முன்பக்க அணியம் பிளந்துவிட்டது. அது தன்னுடையதுதான் என்றான். சொல்லும்போது ஏன் சிரிக்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. சோமசேகரம் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

கஞ்சியைக் குடித்துவிட்டு எல்லோருமாகக் கரைக்குப் போனார்கள். அங்கே ஒன்றும் இல்லை. கப்புகள் இல்லை, பங்கர் இருந்த இடம் தெரியவில்லை. கடல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வெள்ளை மணலைப் பரவிவிட்டுப் போயிருந்தது. எவர் கொட்டில் எங்கே நின்றது என்று எவருக்கும் சொல்ல முடியவில்லை. ஒரு பெண் அழத் தொடங்கினாள். வேறொருத்தி தெருப்பக்கம் ஓடி, தன்னுடைய கிடுகு அடுக்கு கல்லோடு இருந்தபடி இருக்கிறதென்று கத்தினாள்.

கந்தப்பு தனியே மணலில் நடந்தார். நாலு பக்கமும் அளந்து அளந்து நடந்து, ஓரிடத்தில் நின்று, குதிக்காலால் ஒரு கோடு கீறினார். அதற்குக் குறுக்காக இன்னொன்று. பிறகு குணலட்சுமியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"பிள்ளை, வாசலை எந்தப் பக்கம் வைக்கிறது?"

குணலட்சுமி கடலையும் காற்றையும் பார்த்தாள். சோளகம்போல மெல்லிய காற்று ஒன்று தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"நீங்கள் விரும்பின பக்கம் வையுங்கோ, மாமா," என்றாள்.

அவர் மேற்கே, மயிலிட்டிப் பக்கம், கரை வளைந்து மறைகிற இடம்வரைக்கும் பார்த்தார். பின்பு அந்தப் பக்கத்துக் கோட்டில் இரண்டு முழம் அகலத்துக்கு மணலைக் காலால் அழித்து வாசல் விட்டார்.

சோமசேகரம் தெருவோரம் ஒதுங்கிக் கிடந்த முதல் கப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தான். குணலட்சுமி சேலையைச் சொருகிக்கொண்டு குந்தி, கையாலேயே குழி தோண்டத் தொடங்கினாள்.